எஞ்சினை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கலாம்?

ஸ்போர்ட்ஸ் கார்களில் ரப்பர் மவுண்டிங்கைக் கழற்றிவிட்டு யூரித்தேன் போடுகிறார்கள். அதில் கைக்கு வருவது என்ன, கையை விட்டுப் போவது என்ன?

1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஏறக்குறைய 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் அதுவரை ஒரே குறைக்காக அவ்வளவு வண்டிகள் திரும்பப் போனதில்லை. பிரேக், ஸ்டியரிங் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. பிரச்சினை எஞ்சினைத் தாங்கும் ரப்பரில் இருந்தது. 1965 முதல் 1969 வரை வந்த வி8 எஞ்சின் ஷெவர்லேக்களில், இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஒட்டிவைத்த அந்த ரப்பர் வயதானதும் பிய்ந்துகொண்டது. பிய்ந்த வண்டியில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் இடப்பக்கமாகத் தூக்கிக்கொண்டு எழும். எழும்போது கார்புரேட்டருக்குப் போகும் இணைப்பையும் சேர்த்து இழுக்கும். அதனால் த்ராட்டில் இன்னும் திறக்கும், எஞ்சின் இன்னும் எழும். ஓட்டுகிறவர் காலை எடுத்துவிட்ட பிறகும் வண்டி சீறிக்கொண்டு போகும். த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்கும்போது எஞ்சினில் வேக்யூம் விழுந்துவிடுவதால் பவர் பிரேக்கின் உதவியும் குறையும். இதற்குக் கம்பெனி செய்த வைத்தியம் எளிமையானது. அளவுக்கு மேல் எஞ்சின் எழ முடியாதபடி ஓர் இரும்பு வடம் போட்டுக் கட்டிவிட்டார்கள்.

ஸ்போர்ட்ஸ் கார் மவுண்டிங் பற்றிப் பேச வந்த இடத்தில் குடும்பக் கார்களின் பழைய கதையைச் சொல்லக் காரணம் உண்டு. யூரித்தேன் மவுண்டிங் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ‘ஃபீல்’ என்பதில் ஆரம்பித்து அதிலேயே முடித்துவிடுகிறார்கள். மவுண்டிங்கின் முதல் வேலை பிடித்துக்கொள்வது. பிடி விட்டால் என்ன ஆகும் என்பதை அந்த 67 லட்சம் வண்டிகள் காட்டிவிட்டன. அதற்கு அடுத்த கேள்விதான் எவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பது என்பது. அதற்கு ஒரே பதில் கிடையாது, எண்ணூறு ஆர்பிஎம்மில் ஒரு பதில், ஆறாயிரத்தில் வேறு பதில்.

எஞ்சின் ஏன் ஆடுகிறது?

கையில் பிடித்த டிரில் மெஷினை ஆன் செய்ததும் மணிக்கட்டைத் திருகப் பார்க்குமே, எஞ்சினும் அதையேதான் செய்கிறது. கிராங்க் ஷாஃப்ட்டை ஒரு பக்கம் சுற்ற வைத்தால் எஞ்சினின் உடம்பு மறுபக்கம் சுற்றத் துடிக்கும். எவ்வளவு துடிக்கும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் ஷோவில் மஸ்டா அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் மியாட்டா என்ற பெயரில் விற்ற அதே கார். இரண்டே சீட், திறந்த கூரை, முன்னால் எஞ்சின், பின்சக்கரத்துக்கு விசை. 2016-இல் இந்த வரிசையின் பத்து லட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. உலகத்தில் அதிகம் விற்ற இரண்டு சீட் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் இதுதான். முதல் தலைமுறைக் காரில் 1.6 லிட்டர், நாலு சிலிண்டர் எஞ்சின். அது கொடுக்கும் அதிகபட்ச டார்க் சுமார் 136 நியூட்டன் மீட்டர். முதல் கியரின் விகிதம் 3.136. பெருக்கினால் 427 நியூட்டன் மீட்டர் வருகிறது. கியர் பாக்ஸோடு சேர்ந்த எஞ்சினைப் புரட்டப் பார்க்கும் முறுக்கு அவ்வளவு. எஞ்சினின் இரு பக்க மவுண்டிங்குகளுக்கும் இடையே அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்க மவுண்டிங்கைச் சுமார் 87 கிலோ மேலே பிடுங்குகிறது, மறுபக்கத்தை அதே 87 கிலோ கீழே அமுக்குகிறது. கிளட்ச்சைப் பட்டென்று விட்டால் அந்த ஒரு கணத்தில் இதைவிடப் பல மடங்கு அதிர்ச்சி ஏறும்.

இதே எஞ்சினைக் குறுக்குவாட்டில் வைத்து, டிஃபரன்ஷியலையும் அதே கூட்டுக்குள் அடைத்து முன்சக்கரத்துக்குக் கொடுத்திருந்தால் கணக்கு மாறிவிடும். கடைசி விகிதமான 4.3 என்ற எண்ணாலும் பெருக்கவேண்டும். 1,800 நியூட்டன் மீட்டருக்கு மேல் போய்விடும். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ போன்ற கார்களில் எஞ்சினின் அடிப்பக்கத்தில் எலும்புத்துண்டு போல ஒரு டார்க் ராடு தனியாக இருப்பது இதற்காகத்தான். எடையை மற்ற மவுண்டிங்குகள் சுமக்கும், முறுக்கை அந்த ராடு வாங்கிக்கொள்ளும். அந்த வகைக் கார்களில் எல்லாவற்றையும் மாற்றாமல் அந்த ஒரு ராடின் புஷ்ஷை மட்டும் யூரித்தேனுக்கு மாற்றினாலே ஓட்டுகிறவருக்கு வித்தியாசம் தெரியும்.

எம்எக்ஸ்-5 இதில் ஒரு தனி ரகம். அதில் கியர் பாக்ஸுக்கென்று மவுண்டிங்கே கிடையாது. கியர் பாக்ஸையும் பின்னால் இருக்கும் டிஃபரன்ஷியலையும் நீளமான ஓர் அலுமினியச் சட்டத்தால் இணைத்திருக்கிறார்கள். பவர் பிளான்ட் ஃபிரேம் என்று அதற்குப் பெயர். முன்னால் இரண்டு எஞ்சின் மவுண்டிங், பின்னால் டிஃபரன்ஷியலில் இரண்டு ரப்பர் புஷ். எஞ்சினிலிருந்து டிஃபரன்ஷியல் வரை மொத்தமும் இந்த நாலு ரப்பரின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. குதிரையும் அதன்மேல் ஏறியவனும் ஓருடலாகப் போகிற உணர்வு வேண்டும் என்று தோஷிஹிகோ ஹிராய் தலைமையில் அந்தக் காரை வடிவமைத்தவர்கள் நினைத்தார்கள். ஆக்ஸிலரேட்டரில் கால் வைத்த மறுநொடி பின்சக்கரம் பதில் சொல்லவேண்டும் என்பதற்காகவே அந்தச் சட்டம். ஆனால் சட்டம் எவ்வளவு விறைப்பாக இருந்தாலும் அது நிற்பது ரப்பர் மேல். ரப்பர் தளர்ந்தால் அந்தப் பதில் தாமதமாகும்.

ரப்பரை யார் கொண்டுவந்தார்கள்?

ஆரம்பகாலக் கார்களில் எஞ்சினைச் சேஸிஸோடு நேரடியாக போல்ட் போட்டு முறுக்கிவிடுவார்கள். எஞ்சினின் உதறல் முழுவதும் உட்கார்ந்திருப்பவரின் எலும்புக்குள் இறங்கும். 1931-இல் கிரைஸ்லர் கம்பெனி தன் பிளைமவுத் பிஏ காரில் இதற்கு ஒரு வழி கண்டது. எஞ்சினின் முன்பக்கம் உயரத்தில் ஒரு ரப்பர் தாங்கி, பின்பக்கம் தாழ்வாக ஒன்று. இரண்டையும் இணைத்து ஒரு கோடு போட்டால் அது எஞ்சினின் ஈர்ப்பு மையத்தின் வழியே போகும். எஞ்சின் எந்த அச்சில் இயல்பாக ஆட விரும்புகிறதோ அந்த அச்சிலேயே ஆட விட்டுவிட்டு, எல்லை மீறாமல் இருக்கப் பக்கவாட்டில் ஓர் இலை வில்லை வைத்தார்கள். ‘மிதக்கும் விசை’ என்று விளம்பரம் செய்தார்கள். நாலு சிலிண்டர் எஞ்சின் எட்டு சிலிண்டர் போல அமைதியாக ஓடுகிறது என்று ஜனங்கள் வாங்கினார்கள். பிரான்ஸில் சிட்ரோயன் அடுத்த வருஷமே இதற்கு உரிமம் வாங்கிப் போட்டுக்கொண்டு, தன் சின்னத்தில் நீந்தும் அன்னம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டது.

இன்றைக்கு வரைக்கும் சாதாரணக் காரின் மவுண்டிங்கில் இயற்கை ரப்பர்தான் முதலிடம். குமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் விடியற்காலையில் மரத்தைச் சீவி எடுக்கிறார்களே, அந்தப் பால்தான் மூலப்பொருள். கந்தகம் சேர்த்து வேகவைத்து, இரும்போடு ரசாயனப் பசையால் பிணைத்துவிட்டால் லட்சக்கணக்கான முறை நெளிந்தாலும் களைக்காத ஒரு பொருள் கிடைக்கிறது. செயற்கை ரப்பர்கள் எத்தனையோ வந்துவிட்டன. திரும்பத் திரும்ப நெளிவதில் இதற்கு ஈடாக இன்னொன்றைச் சொல்வது சிரமம். அதன் எதிரிகள் வெப்பமும் ஓசோனும் எஞ்சின் ஆயிலும். வால்வு கவர் கேஸ்கெட்டில் கசியும் ஆயில் சொட்டுச் சொட்டாக மவுண்டிங்கில் இறங்கினால் ரப்பர் ஊதி, மெத்தென்று ஆகி, கடைசியில் கையோடு பிய்ந்து வரும்.

யூரித்தேன் வேறு குடும்பம். 1937-இல் ஜெர்மனியின் லெவர்கூசனில், ஐஜி ஃபார்பன் ஆய்வகத்தில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்டுபிடித்த பாலியூரித்தேன்தான் அது. மெத்தையில் இருக்கும் நுரையிலிருந்து ரோலர் ஸ்கேட் சக்கரம் வரை ஒரே பொருளின் பல அவதாரங்கள். இரண்டு திரவங்களைக் கலந்து அச்சில் ஊற்றினால் இறுகிவிடும். எவ்வளவு கெட்டியாக வேண்டும் என்பதைக் கலவையிலேயே தீர்மானிக்கலாம். ஆயில் பட்டால் ரப்பரைப் போல ஊதாது, சுலபத்தில் கிழியாது. மவுண்டிங் விற்பவர்கள் கெட்டித்தன்மையை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். கம்பெனி ரப்பர் பொதுவாக 45-இலிருந்து 60-க்குள் இருக்கும். கடையில் கிடைக்கும் யூரித்தேன் 60-இல் ஆரம்பித்து 95 வரை போகிறது.

ஷோர் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த எண் பொருளின் மேல்பரப்பு எவ்வளவு கெட்டி என்று சொல்லுமே தவிர, மவுண்டிங் எவ்வளவு விறைப்பு என்று சொல்லாது. விறைப்பில் பாதி வடிவத்தில் இருக்கிறது. கம்பெனி மவுண்டிங்கை வெட்டிப் பார்த்தால் ரப்பருக்கு நடுவே வேண்டுமென்றே விட்ட இடைவெளிகள் தெரியும். முதல் சில மில்லிமீட்டர் நெளிவுக்கு மெதுவாக இடம் கொடுக்கும், அதற்குமேல் ரப்பரோடு ரப்பர் முட்டி இறுகும். ஐடிலிங்கில் மென்மை, முழு முறுக்கில் பிடி, இரண்டும் ஒரே துண்டில். கடையில் வாங்கும் யூரித்தேனில் பெரும்பாலும் அந்த இடைவெளி இருக்காது. முதல் மில்லிமீட்டரிலிருந்தே முழு விறைப்பு. 60 என்று எழுதியிருக்கும் யூரித்தேன், 60 என்று எழுதியிருக்கும் ரப்பரை விடக் காரில் முரடாக இருப்பதற்கு இதுவே காரணம்.

சிக்னலில் தெரியும் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

நாலு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு முறை எரிபொருள் வெடிக்கும். எம்எக்ஸ்-5 ஐடிலிங்கில் 850 ஆர்பிஎம் ஓடவேண்டும் என்பது கம்பெனி அளவு. அப்படியானால் வினாடிக்கு 28 துடிப்பு, அதாவது 28 ஹெர்ட்ஸ். மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கும் எஞ்சினுக்கும் சொந்தமாக ஓர் ஆட்ட வேகம் உண்டு. மென்மையான ரப்பரில் அது 10 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். துடிப்பின் வேகம் இந்தச் சொந்த ஆட்ட வேகத்தைப் போல 1.41 மடங்கைத் தாண்டினால்தான் மவுண்டிங் அதிர்வைத் தடுக்கவே தொடங்கும். அதற்குக் கீழே இருந்தால் தடுக்காது, பெருக்கிவிடும்.

இப்போது எண்களைப் போடுவோம். உராய்வால் தணியும் பங்கை விட்டுவிட்டு எளிய கணக்காகவே பார்க்கலாம். சொந்த ஆட்டம் 10 ஹெர்ட்ஸ் என்றால் ஐடிலிங் அதிர்வில் ஏழில் ஒரு பங்குதான் பாடிக்குப் போகிறது. மவுண்டிங்கின் விறைப்பை இரண்டு மடங்காக்கினால் சொந்த ஆட்டம் 14 ஹெர்ட்ஸ் ஆகும், பாடிக்கு மூன்றில் ஒரு பங்கு போகும். நாலு மடங்காக்கினால் 20 ஹெர்ட்ஸ். அப்போது அதிர்வு குறையாமல் முழுசாக அப்படியே போய்விடும். மவுண்டிங் இருந்தும் இல்லாத மாதிரி.

அந்த நாலு மடங்கு விறைப்பிலேயே இருந்துகொண்டு ஐடிலிங்கை மட்டும் மாற்றிப் பாருங்கள். 1,000 ஆர்பிஎம் வைத்தால் அதிர்வு கிட்டத்தட்டப் பாதியாகிறது. ஏசி போட்டு, ஹெட்லைட் போட்டு, எஞ்சின் 750-க்கு இறங்கினால் 1.8 மடங்காகப் பெருகுகிறது. வெறும் 250 ஆர்பிஎம் வித்தியாசம்தான். யூரித்தேன் போட்ட பலர் ஐடிலிங்கை ஐம்பது, நூறு ஏற்றி வைத்துக்கொள்வது இதனால்தான். கணக்குத் தெரியாமலே அனுபவத்தில் கண்டுகொண்ட வழி அது. நெடுஞ்சாலையில் 3,000 ஆர்பிஎம் போகும்போது துடிப்பு 100 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், அதே முரட்டு மவுண்டிங்கும் கணக்குப்படி இருபத்து நாலில் ஒரு பங்குக்கு அதிர்வை அடக்கிவிடும். நடைமுறையில் இவ்வளவு சுத்தமாக அடங்காது. வேகமான துடிப்பில் யூரித்தேன் இன்னும் விறைத்துக்கொள்ளும் என்பதால் சைலன்சர் சத்தத்துக்கும் கியர் இரைச்சலுக்கும் வழி திறந்துவிடும். ஆனாலும் சிக்னலில் நிற்கும்போது பல்லைக் கடிக்க வைத்த கார், ஊரைத் தாண்டியதும் தானாகவே சமாதானம் ஆவது உண்மை.

ஆறு சிலிண்டர், எட்டு சிலிண்டர் கார்க்காரர்கள் யூரித்தேனை மனதாரப் புகழ்வார்கள். அவர்களுக்கு ஒரு சுற்றுக்கு மூன்று அல்லது நாலு வெடிப்பு. 800 ஆர்பிஎம்மிலேயே 40, 53 ஹெர்ட்ஸ் வந்துவிடுகிறது. அதே மவுண்டிங் அவர்களுக்கு வேலை செய்யும். அந்தப் பாராட்டைக் கேட்டுவிட்டு நாலு சிலிண்டர் வண்டியில் அதே 85 ஷோர் யூரித்தேனைப் போட்டால் கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரியும். நம் ஊரில் ஓடும் மூன்று சிலிண்டர் சின்னக் கார்களுக்கு இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒரு சுற்றுக்கு ஒன்றரை வெடிப்புதான் அவற்றுக்கு.

கைக்கு வருவது

அப்படியானால் எதற்காக மாற்றுகிறார்கள்? காரணம் இருக்கிறது, அது கற்பனையும் இல்லை. எம்எக்ஸ்-5-இல் கியர் லிவர் கியர் பாக்ஸிலிருந்தே நேராக முளைத்து நிற்கிறது. எஞ்சின் ஆடினால் லிவரும் ஆடும். இரண்டாம் கியரில் சற்று மிதித்துவிட்டு டக்கென்று காலை எடுத்தால் லிவரின் குமிழ் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்புவது கண்ணுக்கே தெரியும். வளைவில் பக்கவாட்டு விசை ஏறும்போது கியர் பாக்ஸ் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். கை பழகிய இடத்தில் கியர் இருக்காது. 1990களின் பிஎம்டபிள்யூ எம்3 கார்களை ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர்கள் இதற்கு நன்றாகவே பயந்திருக்கிறார்கள். தளர்ந்த மவுண்டிங்கோடு மூன்றிலிருந்து நாலுக்குப் போக நினைத்து லிவரை இழுத்தால் அது இரண்டில் விழும். கிளட்ச்சை விட்டதும் சக்கரம் எஞ்சினை அதன் எல்லைக்கு மேல் சுற்றிவிட்டுவிடும். வால்வு பிஸ்டனில் மோதினால் எஞ்சின் முடிந்தது. டிராக் ஓட்டுகிறவருக்கு விறைப்பான மவுண்டிங் என்பது எஞ்சினைக் காப்பாற்றும் செலவு.

இன்னொன்று, ஆக்ஸிலரேட்டரின் பதில். மிதித்ததும் முதலில் எஞ்சின் புரண்டு ரப்பரை நசுக்கும். ரப்பர் நசுங்கி முடிந்த பிறகுதான் முழு விசையும் சக்கரத்துக்குப் போகும். காலை எடுத்தால் இதே நாடகம் திருப்பி நடக்கும். வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டிக் கொஞ்சம் குறைத்து வண்டியின் போக்கைத் திருத்துகிறவருக்கு இந்த இடைவெளி தொந்தரவு. யூரித்தேன் போட்டதும் கால் நினைத்ததைச் சக்கரம் உடனே செய்கிறது. 115 குதிரை சக்தி மட்டுமே உள்ள ஒரு காரில் இந்த உடனடித்தன்மை பெரிய சந்தோஷம்.

இதே வழியில் கடைசி வரைக்கும் போனவர்களும் உண்டு. 1967 ஜூன் 4 அன்று நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட்டில் ஜிம் கிளார்க் லோட்டஸ் 49-ஐ ஓட்டி ஜெயித்தார். அந்த வண்டியின் காஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சினுக்கு மவுண்டிங் என்று எதுவுமே இல்லை. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் சேஸிஸ் முடிந்துவிடும். அங்கே எஞ்சினை நேராக போல்ட் போட்டு, பின் சஸ்பென்ஷனை எஞ்சினிலும் கியர் பாக்ஸிலும் மாட்டினார்கள். எஞ்சினே சேஸிஸின் பாதி. அதற்குப் பிறகு ஃபார்முலா ஒன் கார்கள் இந்த வழிக்கே வந்துவிட்டன. 1995-இல் ஃபெராரி இதையே சாலையில் ஓடும் எஃப்50 காரில் செய்தது. 4.7 லிட்டர் வி12 எஞ்சினை ரப்பரே இல்லாமல் கார்பன் ஃபைபர் கூட்டில் நேராக முறுக்கினார்கள். ஓட்டிப் பார்த்தவர்கள் அந்தச் சத்தத்தையும் அதிர்வையும் பற்றி எழுதித் தீர்த்திருக்கிறார்கள். பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் இயல்பாகவே சமநிலை கொண்டது. அதற்கே அப்படி.

செத்த ரப்பரும் புது யூரித்தேனும்

இங்கே எனக்கு ஓர் அழுத்தமான கருத்து உண்டு. யூரித்தேன் போட்டதும் கார் மறுபிறவி எடுத்தது என்று சொல்கிறவர்கள் எதோடு எதை ஒப்பிடுகிறார்கள் என்று கேட்கவேண்டும். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 தயாரிப்பு 1997-இல் நின்றுவிட்டது. கழற்றிப் போடும் மவுண்டிங் பெரும்பாலும் காரோடு பிறந்தது. எக்ஸாஸ்ட் பக்கத்து மவுண்டிங் வருஷக்கணக்காக வெப்பத்தில் வெந்திருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் ரப்பர் இறங்கி உட்கார்ந்திருக்கும். ஓரத்தில் தேன்கூட்டு விரிசல். நகத்தால் கீறினால் கறுப்புப் பொடி உதிரும். இரும்பும் ரப்பரும் ஒட்டியிருந்த விளிம்பில் ஸ்க்ரூ டிரைவர் முனை நுழைகிற அளவுக்குப் பிளந்திருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எதை மாட்டினாலும் கார் இறுகத்தான் செய்யும். கம்பெனி ரப்பரையே புதிதாக வாங்கி மாட்டியிருந்தால் அந்தச் சந்தோஷத்தில் பெரும் பங்கு கிடைத்திருக்கும், சிக்னலில் உதறலும் இருந்திருக்காது. பாராட்டு யூரித்தேனுக்குப் போகிறது, அதில் பாதி புதுசுக்குச் சேரவேண்டியது.

மவுண்டிங் செத்துவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. பானெட்டைத் திறந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஒருவர் பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு கிளட்ச்சை மெல்ல விட்டுப் பிடிக்கவேண்டும். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று எஞ்சினைப் பார்க்கவேண்டும். முன்னால் யாரும் நிற்கக்கூடாது. லேசாகச் சாய்ந்து திரும்பினால் சரி. ஒரு பக்கம் கிளம்பி எழுந்து ‘டொக்’ என்று விழுந்தால் ரப்பர் பிய்ந்துவிட்டது.

மாற்றும் வேலை ஒரு நாள் வேலைகூட இல்லை, ஆனால் பொறுமை கேட்கும். ஜாக்கியை நேராக ஆயில் சம்ப்பில் வைத்தால் சம்ப் நசுங்கும் அல்லது விரிசல் விடும். நடுவில் அகலமான மரப்பலகை வேண்டும். எஞ்சினின் எடையை ஜாக்கி வாங்கிக்கொண்ட பிறகு ஒரு பக்க மவுண்டிங்கை மட்டும் கழற்றி மாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகவேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் எஞ்சின் நகர்ந்துவிடும், போல்ட் துளைகள் ஒத்து வராது. எம்எக்ஸ்-5-இல் எஞ்சினை ரொம்பத் தூக்கவும் கூடாது. சிலிண்டர் ஹெட்டின் பின்னால் இருக்கும் கேம் ஆங்கிள் சென்சார் பயர்வாலுக்கு ஒட்டியே இருக்கிறது, ஹீட்டர் ஹோஸும் அங்கேதான். பழைய ஹோஸ் ஒரு இழுப்புக்குத் தாங்காது. போல்ட்டுகளைக் கையால் கோத்துவிட்டு, எஞ்சினை இறக்கி, அது தன் எடையில் உட்கார்ந்த பிறகே முறுக்கவேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் மவுண்டிங் பிறக்கும்போதே திருகலோடு பிறக்கும்.

சிலர் காசை மிச்சம் பிடிக்க, விண்ட்ஷீல்டு கண்ணாடி ஒட்டும் யூரித்தேன் பசையைப் பழைய மவுண்டிங்கின் இடைவெளிகளில் நிரப்பிவிடுகிறார்கள். ரப்பர் நல்ல நிலையில் இருந்தால் இது வேலை செய்யும். அந்தப் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சி இறுகும் வகை. கனமாக நிரப்பினால் உள்ளே இறுகப் பல நாள் ஆகும். மேலே தொட்டுப் பார்த்து இறுகிவிட்டது என்று மாட்டிவிட்டால் உள்ளே இருப்பது பிதுங்கி வெளியே வந்துவிடும். பசையில் ஐசோசயனேட் இருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு காற்றோட்டமான இடத்தில் செய்யவேண்டிய வேலை. பிய்ந்துபோன மவுண்டிங்கைப் பசை போட்டு உயிர்ப்பிக்க நினைப்பது மட்டும் வேண்டாம்.

சங்கிலியின் மற்ற கண்ணிகள்

எஞ்சின் மவுண்டிங்கை மட்டும் விறைப்பாக்கிவிட்டு மற்றதை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. புரளும் விசை எங்கேயும் மறைந்துவிடாது, எங்கே இடம் மிச்சம் இருக்கிறதோ அங்கே போகும். எம்எக்ஸ்-5-இல் முன்னால் இரண்டு யூரித்தேன் போட்டுப் பின்னால் டிஃபரன்ஷியலில் முப்பது வருஷ ரப்பரை விட்டுவைத்தால், ஆட்டம் முழுவதும் அந்தப் பழைய புஷ்களின் தலையில் விழும். அவை வேகமாகச் சாகும். எஞ்சினோடு சேர்ந்து ஆடிப் பழகிய சைலன்சர் ஹேங்கர், வயர்களின் கிளிப், ரேடியேட்டர் பிராக்கெட் எல்லாம் இனி வேறு தினுசான அதிர்வை வாங்கும், நட்டுகள் தளரும்.

திறந்த கூரைக் கார்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. கூரை இல்லாத பாடி மேடு பள்ளத்தில் நடுங்கும். கியர் பாக்ஸும் சேர்த்து ஒன்றரைக் குவிண்டால் எடையுள்ள எஞ்சின் மென்மையான ரப்பர் மேல் ஆடும்போது, அந்த ஆட்டம் பாடியின் நடுக்கத்தைக் கொஞ்சம் விழுங்கும்படி ரப்பரைத் தேர்ந்தெடுக்க முடியும். கார் கம்பெனிப் பொறியாளர்கள் பயன்படுத்தும் உத்திதான் இது. எஞ்சினை இறுக்கிக் கட்டினால் அந்த உதவியும் போய்விடும்.

ஐடிலிங்கில் மென்மை, வளைவில் விறைப்பு இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் ஒரே பொருளால் தர முடியாது என்பதைப் பெரிய கம்பெனிகள் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டன. ரப்பருக்குள் கிளைக்கால் திரவத்தை அடைத்து, சின்னக் குழாய் வழியே அது போய்வரும்போது பெரிய ஆட்டத்தைத் தணிக்கும் ஹைட்ராலிக் மவுண்டிங்குகள் இன்று சாதாரணக் கார்களிலேயே இருக்கின்றன. 2009-இல் போர்ஷே தன் 911 ஜிடி3 காரில் இதற்கு அடுத்த படிக்குப் போனது. அதன் மவுண்டிங்கில் இருக்கும் திரவத்தில் நுண்ணிய இரும்புத் துகள்கள் கலந்திருக்கும். காந்தப் புலம் கொடுத்தால் கண் இமைக்கும் நேரத்தில் திரவம் கெட்டியாகும், எடுத்தால் இளகும். 911-இல் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. வளைவில் அந்தப் பாரம் தனியாக ஊசலாடினால் வண்டியின் வால் பகுதி நிலை கொள்ளாது. அதனால் வேகமாக ஓட்டும்போது மவுண்டிங் இறுகும், சிக்னலில் நிற்கும்போது தளரும்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது, ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தினமும் வேலைக்குப் போய்வரும் காரென்றால் புதுக் கம்பெனி ரப்பர் போதும், டிஃபரன்ஷியல் புஷ்களையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதை, வருஷத்தில் சில நாள் டிராக் என்றால் 60 முதல் 70 ஷோர் வரை போகலாம். அதற்குமேல் 80, 90 எல்லாம் ஐடிலிங்கில் அதிகம் நிற்காத ரேஸ் வண்டிகளுக்கு. எதை மாட்டினாலும் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். யூரித்தேன் வாங்குவதற்கு முன்னால் ஏசியையும் ஹெட்லைட்டையும் போட்டுவிட்டு ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். 850-இல் நிற்காமல் 750-க்கு இறங்குகிறதென்றால் முதலில் ஐடில் வால்வைக் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்யவேண்டும். மவுண்டிங் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.